அதே கடை... வேற வேற இட்லி!

திண்டுக்கல்லில் யாரையாவது நிறுத்தி, "பிரியாணி எங்கண்ணே நல்லா இருக்கும்?"னு கேட்டுப் பாருங்க. யோசிக்காமல் பதில் வரும். 1957-ல் தலப்பாக்கட்டு நாகசாமி நாயுடு கடை போட்ட நாளிலிருந்து, அந்த சப்ஜெக்ட்டில் இந்த ஊருக்குக் குழப்பமே கிடையாது. ஆனால் "காலை டிபன் எங்கே நல்லா இருக்கும்?"னு கேட்டுட்டா போச்சு... சண்டைதான்! அதுவும் வேற வேற கடைக்காக இல்லை. ஒரே கடைக்காக!

காமராஜர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கு அந்தக் கடை. ஆறு டேபிள், சுவரோரமா ஒரு நீளப் பலகை, வாசலில் இட்லிக் கொப்பரை, உள்ளே தோசைக்கல். போர்டில் பாதி எழுத்து வெயிலில் போயிடுச்சு. ஓனரிடம் "உங்க கடையைப் பத்தி எழுதப் போறேன்"னு சொன்னதும், "பேரை மட்டும் போட்றாதப்பு. நல்லா எழுதுனா கூட்டம் வந்துரும், எங்கிட்ட இருக்குறது ஒத்த மாஸ்டரு. மோசமா எழுதுனா எம் பொண்டாட்டி படிச்சுரும்"னு கும்பிடு போட்டுட்டார். ஸோ, பேர் கிடையாது.

நத்தம் பஸ் கண்டக்டர் ஒருத்தர், "இந்த இட்லிக்காகவே நான் முதல் டிரிப் டூட்டி கேட்டு வாங்குறேன்"ங்கறார். பக்கத்து பேங்க்கில் வேலை பார்க்கிற சாருக்கு, "அது சாம்பாரா? கை கழுவுற தண்ணி!" பூட்டுப் பட்டறைப் பெரியவர், "முப்பது வருஷமா சாப்புடுறேன், ருசி மாறல" என்று சத்தியம் பண்றார். என் கிளாஸ்மேட்டோ, "மாப்ள, அந்த இட்லிய சிறுமலையிலேருந்து உருட்டி விட்டா உடையாம கீழ வந்து சேரும்டா" என்கிறான்.

இதில் யாருமே பொய் சொல்லலைங்கிறதுதான் மேட்டர். ஒன்பது நாள் தொடர்ந்து, வேற வேற நேரத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே புரிஞ்சுது.

காலை 5.15. கொப்பரை மூடியைத் திறந்தா எதிர்க்கடை ஷட்டர் தெரியாத அளவுக்கு ஆவி. இதுக்குப் பேர் முதல் ஈடு. டிரைவர், கண்டக்டர், பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையோட வந்தவங்க, லோடு ஏத்திட்டு நிக்கிற லாரிக்காரங்கன்னு எல்லாரும் இந்த ஈடுக்குத்தான் காத்திருக்காங்க. இட்லியைத் துணியிலிருந்து எடுத்த நிமிஷம் இலைக்கு வருது. சட்னி அப்போ அரைச்சது, தேங்காய் வாசம் ஊரைக் கூட்டுது. சாம்பாரில் சின்ன வெங்காயம் முழுசு முழுசா மிதக்குது. சும்மா சொல்லக்கூடாது பாஸ், கண்டக்டர் டூட்டி கேட்டு வாங்கினதில் தப்பே இல்லை!

8.45. இப்போ வர்றது பேங்க் சார், டியூஷன் பசங்க, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, நம்மளை மாதிரி காலேஜ் கோஷ்டி. ஒரே நேரத்தில் முப்பது பேர். கொப்பரையில் ஒரு ஈடு வேக பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால முன்கூட்டியே வேக வெச்சு, பாத்திரத்தில் மூடி வைக்கிறாங்க. மூடின ஆவி தண்ணியாகி இட்லி மேலேயே சொட்டும். மேலே நசநசன்னு, ஓரம் விறைப்பா இருக்கும். சாம்பார் அண்டா அடியைத் தொட்டதும் கொதிக்கிற தண்ணி ரெண்டு சொம்பு உள்ளே போறதை நானே பார்த்தேன். பேங்க் சார் சொன்னதில் பாதி உண்மை. (மீதிப் பாதி, அவர் தினமும் அஞ்சு கரண்டி சாம்பார் கேட்பார்!)

10.30-க்குப் போனால் நம்ம கிளாஸ்மேட் இட்லி. மிச்சம் மீதி. வெயில் ஏற ஏற தேங்காய்ச் சட்னி லேசா நுரைக்கும், மாவும் புளிக்கும். மாஸ்டர் அதையே ஊத்தப்பமா ஊத்தி வெங்காயத்தைத் தூவிடுவார். புளிச்ச மாவில் ஊத்தப்பம் பிரமாதம்! தெரிஞ்சவங்க அந்நேரத்துக்கு இட்லி கேட்கவே மாட்டாங்க.

மாஸ்டர் மாவு பற்றிப் பேச ஆரம்பிச்சா நம்ம கெமிஸ்ட்ரி லேப் தோத்துடும். உளுந்திலேயும் அரிசியிலேயும் இயற்கையா இருக்கிற பாக்டீரியாதான் மாவைப் பொங்க வைக்குது. அதில் முக்கியமானதுக்கு லூகோனோஸ்டாக்னு பேர். அது வாயுவை விடுது, இட்லி பஞ்சாகுது. இந்தப் பேரெல்லாம் மாஸ்டருக்குத் தெரியாது. ஆனால் மார்கழிக் குளிரில் மாவு பொங்காதுன்னு சாயங்காலம் சீக்கிரமே அரைச்சு, கிரைண்டர் சூட்டோடு சாக்கைப் போட்டு மூடணும்னு தெரியும். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் அரைக்கணும், இல்லேன்னா விடியறதுக்குள்ள புளிச்சுடும்னு தெரியும். தெர்மாமீட்டர் கிடையாது. கையை மாவுக்குள்ள விட்டுப் பார்க்கிறார், அவ்ளோதான். "மாவு என்னைக்கும் ஒரே மாதிரி இருக்காது தம்பி. கஸ்டமருக்கு மட்டும் என்னைக்கும் ஒரே மாதிரி வேணும்" என்கிறார். நியாயமான புலம்பல்!

சரி, நேரம் மட்டும்தான் வித்தியாசமா? அதுதான் இல்லை.

முதல் நாள் எனக்கு வந்த சட்னி, ஸ்பூனில் கிள்ளி வெச்ச மாதிரி இருந்துச்சு. அஞ்சாவது நாள் கேட்காமலே கெட்டிச் சட்னி, பொடி, அதுக்கு மேல நல்லெண்ணெய். பரிமாறுகிற சப்ளையர் அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார்னு எண்ண ஆரம்பிச்சு, நூறைத் தாண்டினதும் விட்டுட்டேன். "தெரிஞ்ச மூஞ்சிக்குக் கை தன்னால நீளும் தம்பி. புது ஆளுக்கு அளவாத்தான் நீளும். அவரு வீணாக்குவாரா, சாப்புடுவாரான்னு நமக்குத் தெரியாதுல்ல" என்கிறார். வெளியூர்க்காரர் இந்தக் கடையில் ஒரு தடவை சாப்பிட்டுட்டு "கஞ்சப் பசங்க"ன்னு போறதுக்கும், பட்டறைப் பெரியவர் முப்பது வருஷமா புகழறதுக்கும் நடுவில் இருக்கிறது இந்தக் கைதான்.

நான் போன வாரத்தில்தான் இட்லி 8 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆச்சு. பேப்பரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அன்னைக்குக் கடையில் நடந்தது இட்லிக் கடை இல்லை, சட்டசபை! "அம்மா உணவகத்துல 2013-ல ஒரு ரூபாய்க்கு இட்லி குடுத்தாங்க, நீ பத்து ரூபா கேக்குற"ன்னு ஒருத்தர். "அதை அரசாங்கம் குடுத்துச்சுண்ணே, இதை நான்ல குடுக்குறேன்"னு ஓனர். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், உளுந்து, தேங்காய், மாஸ்டர் சம்பளம்னு அவர் விரலை மடக்கிக்கிட்டே போக, எதிரில் இருந்தவர் நாலு இட்லியை முடிச்சுட்டு அஞ்சாவது கேட்டார். திட்டு வாங்கினது என்னவோ சப்ளையர்தான். விலை ஏத்தினது அவர் இல்லை, ஆனால் எதிரில் நிற்கிறது அவர்தானே. நம்ம பசங்களும் இதில் சளைச்சவங்க இல்லை. அந்த வயசு ஆளை "ஹலோ"ன்னு விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டதை நான் பார்த்தேன்.

இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவங்க கதை. எனக்கு இந்தக் கடை மனசில் ஒட்டிக்கிட்டது வேற ஒரு காரணத்துக்காக.

தினமும் 6 மணி வாக்கில் நாலு அக்காக்கள் வருவாங்க. மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். ரோடு கூட்டிட்டு, விளக்குமாறையும் வண்டியையும் எதிர்ச் சுவரோரம் நிறுத்திட்டு, கடைக்கு வெளியே சாக்கடை மூடி மேல நின்னு சாப்பிடுவாங்க. இலையைக் கையில் வாங்கிக்கிட்டு. உள்ளே அந்நேரம் ரெண்டு டேபிள் காலியா இருக்கும். மூணு நாள் பார்த்தேன். நாலாவது நாள் ஓனரிடம் கேட்டுட்டேன்.

"உள்ள வராதீங்கன்னு நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல தம்பி. வேணும்னா அவங்களயே கேளு." அவர் சொன்னது உண்மை. யாரும் சொல்லலை.

கேட்டேன். அதில் மூத்த அக்கா சிரிச்சாங்க. "உள்ள உக்காரலாம் தம்பி. உக்காந்தா பக்கத்துல சாப்புடுறவுக எந்திரிச்சு வேற டேபிளுக்குப் போவாக. ஒண்ணும் சொல்ல மாட்டாக, போவாக. அதப் பாத்துக்கிட்டு எப்படி இட்லி எறங்கும்? இங்க நின்னா காத்து வருது, யாரு மூஞ்சியும் பாக்க வேணாம்."

நம்ம அரசியல் சாசனத்தில் 15-வது பிரிவு, கடை, ஹோட்டல், உணவகம்னு பேர் சொல்லியே, சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கு. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போய், ஓட்டலில் எல்லாருக்கும்னு வெச்சிருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாம தடுக்கிறதையும் குற்றம்னு சொல்லுது. டீக்கடை இரட்டை டம்ளர் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. 1957-ல், அதாவது நம்ம ஊரில் பிரியாணிக் கடை பிறந்த அதே வருஷம், சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபேங்கிற ஓட்டல் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற வார்த்தையை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் தொடங்கினார். மாசக்கணக்கில் நடந்துச்சு, தினமும் ஆட்கள் கைதானாங்க. 1958-ல் அந்த வார்த்தை போர்டிலிருந்து போச்சு.

போர்டில் இருந்தா அழிக்கலாம். பக்கத்து டேபிள்காரர் தட்டோடு எழுந்து போறதை எந்தப் பிரிவில் கேஸ் போடறது? அவர் அசிங்கம்னு நினைக்கிறது வேலையையா, சாதியையான்னு கேட்டா, "நாத்தம் தம்பி"ன்னுதான் சொல்வார். மீன் மார்க்கெட்டிலிருந்து நேரா வந்து உட்கார்றவர் பக்கத்தில் மட்டும் யாருக்கும் நாத்தம் தெரியலை. அதையும் நான் அதே கடையில்தான் பார்த்தேன்.

ஏழாவது நாள் மழை. திண்டுக்கல்லில் மழைங்கிறதே ஒரு விசேஷம். அன்னைக்கு அடிச்சு ஊத்திடுச்சு. நாலு பேரும் வாசல் ஓடு அடியில் ஒதுங்கி நனைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. சப்ளையர் அண்ணன் யாரையும் கேட்கலை. ஓனரைக்கூடப் பார்க்கலை. நடு டேபிளில் நாலு இலையைப் போட்டு, தண்ணி தெளிச்சு, "வாங்கத்தா உள்ள"ன்னார். வந்து உட்கார்ந்தாங்க. பக்கத்து டேபிளில் சட்டையை இன் பண்ணி உட்கார்ந்திருந்த ஒருத்தர் எழுந்தார். தட்டில் பாதித் தோசை இருந்துச்சு. கல்லாவில் காசைக் கொடுத்துட்டு மழையிலேயே வண்டியை எடுத்துட்டுப் போனார். ஓனர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார், ஒண்ணும் சொல்லலை. அவரைத் திட்டலை, இவங்களையும் திட்டலை. அது நல்லதா கெட்டதான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை.

பட்டறைப் பெரியவர் மட்டும் தன் ஸ்டூலை அரை அடி நகர்த்தினார். தள்ளிப் போறாரோன்னு நினைச்சேன். இல்லை, காலியான டேபிளிலிருந்த சட்னிக் கிண்ணத்தை எடுத்து அவங்க பக்கம் தள்ளினார், அவ்வளவுதான்.

எட்டாவது நாள் வெயில். நாலு பேரில் மூணு பேர் மறுபடியும் வெளியேதான். மூத்த அக்கா மட்டும் உள்ளே வந்து அதே நடு டேபிளில் உட்கார்ந்தாங்க. அன்னைக்கு யாரும் எழுந்து போகலை. (கூட்டமும் கம்மிதான்.) ஒன்பதாவது நாள் ரெண்டு பேர் உள்ளே, ரெண்டு பேர் வெளியே.

அந்த ஒன்பதாவது நாள், எல்லார்கிட்டேயும் கேட்ட கேள்வியை அந்த அக்காகிட்டேயும் கேட்டேன், "கடை எப்படிக்கா?"

ஒரு விள்ளல் இட்லியைச் சட்னியில் தோய்ச்சு வாயில் போட்டாங்க. ஒரு செகண்ட் யோசிச்சாங்க. அப்புறம் என்கிட்ட பேசாம, கல்லாவைப் பார்த்துச் சத்தமாவே சொன்னாங்க, "ஏண்ணே, இட்லிக்கு ரெண்டு ரூவா ஏத்துனீக சரி. சட்னியில தேங்காயக் கொறச்சுப் பொட்டுக்கடலைய அள்ளிப் போட்டுருக்கீகளே, அது எந்த ஊரு நாயம்?"

ஓனர் தலையைச் சொறிஞ்சார். சப்ளையர் அண்ணன் கெட்டிச் சட்னியை எடுக்க உள்ளே போனார்.