ஆறு அங்குலக் கண்ணாடி

டிசம்பர் 5, 2024, வியாழன். விழுப்புரம்

ஃபெஞ்சல் புயல் விட்டுப்போன சேறு தெருவில் இன்னும் காயவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடியதால் திங்கட்கிழமை ரயில்கள் நின்றுபோயின. நான் பாடம் நடத்தும் திண்டிவனம் பள்ளிக்குப் போக வழியில்லை.

பரண்மேல் வைத்திருந்த பொடி டப்பாக்கள் நனையாமல் தப்பின. மாலையில் தொலைநோக்கிக்கான கண்ணாடியை மறுபடி தேய்க்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது தப்பு, நடந்தேன். தண்ணீர் நிரப்பிய டிரம்மின் மேல் ஒரு கண்ணாடி வட்டு. ஆறு அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். அதன்மேல் கார்பரண்டம் பொடியும் கொஞ்சம் தண்ணீரும். அதற்கு மேல் அதே அளவில் இன்னொரு வட்டு. டிரம்மைச் சுற்றி நடந்தபடியே மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ள வேண்டும், கையிலேயே சிறிது சிறிதாகத் திருப்பவும் வேண்டும். மேல் வட்டு விளிம்பைத் தாண்டி நீளும்போது அதன் நடுவில்தான் பாரம் ஏறுகிறது. அதனால் மேலே இருப்பது குழிகிறது, கீழே இருப்பது புடைக்கிறது. அச்சும் இல்லை, இயந்திரமும் இல்லை. நடுவில் 1.2 மி.மீ. குழி விழுந்தால் நாலு அடி தூரத்தில் ஒளி குவியும்.

அம்மா அடுப்படியிலிருந்து, "ஆட்டுக்கல் சத்தம் கேட்டு எத்தன வருஷம் ஆச்சு" என்றாள். நிஜமாகவே அதே சத்தம்தான். பொடி தேயத் தேய அந்தக் கரகரப்பு அடங்கும். காதுக்குத் தெரிந்துவிடும், அடுத்த சிட்டிகை போட வேண்டும் என்று.

டிசம்பர் 22, ஞாயிறு

80, 120, 220, 320, 400 எண் பொடிகள் முடிந்து 600-க்கு வந்திருந்தேன். காலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு கீறல். என் நகக்கண்ணில் பழைய பொடித் துகள் ஒன்று ஒட்டியிருந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. 220-க்குத் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை. பக்கெட், துணி, பிரஷ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

ஜனவரி 6, 2025, திங்கள்

விடுமுறை முழுக்கத் தேய்த்ததில் கீறல் போய்விட்டது. இப்போது மெருகு. கீலை உருக்கிக் கீழ் வட்டின்மேல் ஊற்றி, சதுரம் சதுரமாகக் கோடு கீறி, சீரியம் ஆக்சைடு பூசித் தேய்ப்பது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கீல் குழைந்து ஓடும். மார்கழி விடியற்காலைதான் இதற்கு வாகு.

காவலூர் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் தொடக்கவிழா 1986-ல் இதே தேதியில்தான் நடந்தது. அதன் ஆடியைப் பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். அதற்குக் கனவு கண்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார். இப்போது அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1968-ல் ஜவ்வாது மலைக் காவலூரில் அவர் முதலில் நிறுத்தியதும் உள்நாட்டில் செய்த 38 செ.மீ. கருவிதான். ரயிலில் இதைச் சொன்னபோது கூட வந்த பத்தாம் வகுப்புப் பெண்கள், "நம்ம பக்கத்துலயா மிஸ்?" என்று கேட்டார்கள். எனக்கும் அந்த வயதில் யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858-ல் சொன்ன சோதனை. இருட்டறை. மேசைமேல் கண்ணாடி, எட்டு அடி தள்ளி ஊசித்துளை போட்ட டார்ச், பக்கத்தில் ஒரு ஷேவிங் பிளேடு. திரும்பி வரும் ஒளியைப் பிளேடின் விளிம்பால் மெல்ல வெட்டினால், கண்ணாடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கிறது. கண்ணாடிமேல் கட்டைவிரலை அரை நிமிடம் அழுத்தி எடுத்துவிட்டுப் பார்த்தேன். விரல் பட்ட இடம், அந்தச் சூட்டுக்கே, குன்றுபோல் வீங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தணிந்து மறைந்தது. கண்ணாடியைக் கல் என்று நினைத்திருந்தேன். மாவுபோல் இளகுகிறது.

கோளமாக இருப்பதைப் பரவளையமாக மாற்ற நான் எடுக்க வேண்டியது கால் மைக்ரோனுக்குச் சற்று மேல். தலைமுடியின் கனத்தில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கையால் எடுக்கிறோம்! ஐந்து நிமிடம் தேய்ப்பு, ஆற ஒரு மணி நேரம், மறுபடி பிளேடு. ராத்திரி பதினோரு மணிக்கு நிழல் உளுந்து வடைபோலத் தெரிந்தது. அதுதான் வேண்டியது.

ஜனவரி 26, ஞாயிறு. திண்டிவனம்

கொடியேற்றம் முடிந்ததும் வேதியியல் ஆய்வகத்தில் வெள்ளிப் பூச்சு. அலுமினியம் பூச வெற்றிட அறை வேண்டும். அது பல ஆண்டு நிற்கும். வெள்ளி சில மாதத்தில் கறுக்கும். ஆனாலும் பிள்ளைகள் கண்ணெதிரே நடக்கட்டும் என்று இதையே எடுத்தேன். வெள்ளி நைட்ரேட், அம்மோனியா, சோடியம் ஹைட்ராக்சைடு, கடைசியில் குளுக்கோஸ். தட்டில் கரைசல் பழுப்பாகி, கறுத்து, சாக்கடைத் தண்ணீர்போல் ஆனது. "போச்சு மிஸ்" என்றாள் ஒருத்தி. தூக்கிக் கழுவியதும் அவள் முகமே அதில் தெரிந்தது. மிச்சக் கரைசலை வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும்; உடனே அமிலம் விட்டுக் கொட்டச் செய்தேன்.

பிப்ரவரி 6, வியாழன். விழுப்புரம், மொட்டைமாடி

குழாய்க்குப் போர்வெல் கேசிங் பைப். தாங்கி, ஜான் டாப்சன் முறையில் ஒட்டுப்பலகைப் பெட்டி. வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தபடியே, கிடைத்த கண்ணாடியைத் தேய்த்துத் தெருவில் போகிறவர்களுக்கு வானம் காட்டியவர் அவர். தச்சர் கூலி வாங்கவில்லை. "மொதல்ல எனக்குக் காட்டணும் டீச்சரம்மா" என்றார். காட்டினேன்.

நிலாவுக்குக் கிழக்கே வியாழன். 25 மி.மீ. கண்ணருகு வில்லையில் 49 மடங்கு. தட்டையாக ஒரு வட்டம், குறுக்கே இரண்டு பட்டை, இருபுறமும் ஒரே கோட்டில் நிலாப் பொட்டுகள். அந்தப் பொட்டுகள் கலிலியோ 1610-ல் பார்த்தவை.

அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்தேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பூமி சுற்றுவதால் கோள் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. நகர்த்தித் தரட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல், தானே இரண்டு விரலால் பைப்பைக் கிழக்கே கொஞ்சம் தள்ளிப்பார்த்து, அது பின்வாங்கவே மேற்கே தள்ளினாள்.