சுருள்வாள் எந்த லெவலில்?

ஞாயிறு, இரவு

ஆவடியில் இன்று ஆட்டம் பாதியில் நின்றது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எங்கள் குழுவின் மங்க், திருமுல்லைவாயலில் சின்ன வயதிலிருந்தே சிலம்பம் கற்ற பெண். தன் கேரக்டருக்கும் கம்பையே கொடுத்திருக்கிறாள். புத்தகத்தில் அதற்கு நேரானது குவார்ட்டர்ஸ்டாஃப். ஒரு கையால் அடித்தால் ஆறுமுக டைஸ், இரண்டு கையாலும் பிடித்தால் எட்டுமுக டைஸ். அவள் எட்டுமுகத்தை எடுத்ததும் ஃபைட்டர் ஆடும் தம்பி தடுத்தான்.

"அக்கா, ரெண்டு கையால பிடிக்கிறது மங்குக்கு ஆகாதுன்னு போட்டிருக்கே!"

போட்டிருப்பது உண்மைதான். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின்படி மங்குக்கு உரியவை ஷார்ட்ஸ்வோர்டும், 'டூ ஹேண்டட்', 'ஹெவி' என்ற குணங்கள் இல்லாத எளிய கைச்சண்டை ஆயுதங்களும். அம்பத்தூர்க்காரர்களுக்கு டிரெயினுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான்தான், முடிவு சொல்ல ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.

திங்கள்

எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்து அட்டவணையைப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ்டாஃப் வரிசையில் இருப்பது 'வெர்சடைல்' மட்டும். டூ ஹேண்டட் என்றால் அந்த ஆயுதத்தை ஒரு கையால் வீசவே முடியாது. வெர்சடைலில் எப்படிப் பிடிப்பது என்பது ஆடுபவர் இஷ்டம். பிடியை மாற்றினால் அட்டவணை மாறிவிடாது. அந்தத் தடை கிரேட்கிளப்புக்குப் பொருந்தும், கம்புக்கு இல்லை. 2024 பதிப்பு தடையையே எடுத்துவிட்டது. நாங்கள் ஆடுவது பழைய பதிப்பு.

இரண்டு கையும் கம்பில் இருக்க, போனஸ் ஆக்‌ஷனில் வெறுங்கை அடி எப்படி என்பது தம்பியின் அடுத்த கேள்வி. உதையும் தலைமுட்டும் வெறுங்கை அடியில் சேரும் என்று புத்தகமே சொல்கிறது. காலடி வரிசை பழகியவளுக்கு அதில் என்ன சந்தேகம்?

புதன்

காலையில் அவளிடமிருந்து மெசேஜ்: "அண்ணா, நான் சுருள்வாள் எடுத்துக்கட்டுமா? ஷார்ட்ஸ்வோர்டு கணக்கையே வச்சுக்கலாம். பேரை மாத்திக்கலாம்னு புக்லயே இருக்கு."

இருக்கிறது. கிளப்பை நுஞ்சாக்கு என்றும் சிக்கிளைக் காமா என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்காட்டே தந்திருக்கிறார்கள். மங்க் என்ற வகுப்பு 1975இல் பிளாக்மூர் துணைநூலில் வந்தபோதே கிழக்காசியச் சண்டைக் கலைகளைப் பார்த்து உருவானது. நம் ஆயுதங்களுக்கு அதில் தனி வரிசை இல்லாததில் வியப்பில்லை. ஆனால் பேரை மாற்றினால் போதுமா என்பதுதான் நாள் முழுக்க மனதில் ஓடியது.

ஷார்ட்ஸ்வோர்டு குத்தும் ஆயுதம். சுருள்வாள் குத்தாது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். வாத்தியார் இடுப்பிலிருந்து தகட்டை அவிழ்த்ததும் முதலில் செய்தது, முன்வரிசைப் பிள்ளைகளை மதிலோரம் அனுப்பியதுதான். தகடு தலைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் மாறி மாறி வந்தது. காற்றைக் கிழிக்கும் ஓசை மேளத்தைத் தாண்டிக் கேட்டது. நிறுத்தும்போதுதான் அவர் முகம் இறுகியது. வேகம் குறைந்தால் எஃகு வீசுபவர் மேலேயே திரும்பும். அந்த வாளை ஷார்ட்ஸ்வோர்டு வரிசையில் அடைத்தால் பெயர் மட்டும் மிஞ்சும், வாள் போய்விடும்.

அட்டவணையில் அதற்கு நெருக்கமானது விப். வெட்டுக்காயம், ஃபினஸ், ரீச். பத்தடி தள்ளி நிற்பவரையும் தொடும். சேதம் நாலுமுக டைஸ்தான். சிக்கல் என்னவென்றால், விப் எளிய ஆயுதம் அல்ல, போர் ஆயுதம். மங்கின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

வெள்ளி

வழி 2017இல் வந்த ஸானதார்ஸ் கைடில் இருக்கிறது. கென்ஸே மரபை எடுக்கும் மங்க், மூன்றாம் லெவலில் ஹெவி, ஸ்பெஷல் குணங்கள் இல்லாத கைச்சண்டை ஆயுதம் ஒன்றைத் தனதாக்கிக்கொள்ளலாம். விப் அதில் சரியாக அடங்குகிறது. பயிற்சியும் கூடவே வந்துவிடும். ஐந்தாம் லெவலில் நாலுமுகம் ஆறுமுகமாகும்.

அவள் இப்போது இரண்டாம் லெவல். சலுகையாக இன்றே கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன், மனம் ஒப்பவில்லை. காத்திருக்கச் சொல்லி எழுதினேன். கோபப்படுவாள் என்று நினைத்தால் பதில் உடனே வந்தது: "எங்க வாத்தியாரும் கம்புல கை படியற வரைக்கும் சுருள்வாளைத் தொட விடல அண்ணா." எனக்கு அதைவிட நல்ல ஆதாரம் எந்த ரூல்புக்கிலும் கிடைத்திருக்காது.

ஞாயிறு

டைஸை வெளியே எடுக்கும் முன்பே தீர்ப்புகளை வாசித்தேன். கம்புக்கு இரு கைப்பிடியில் எட்டுமுகம். சுருள்வாள் என்றால் விப், மூன்றாம் லெவலிலிருந்து, கென்ஸேவுக்கு மட்டும். எதிரி சுருள்வாளோடு வந்தாலும் அவனுக்கும் இதே விப் கணக்குதான். அடி விழுந்த பிறகு விதி பேசுவது ஒரு தரப்புக்குச் சாய்ந்துவிடும் என்பதால் இதில் நான் பிடிவாதம்.

தம்பி விடவில்லை. "அப்ப மான்கொம்பு?" என்றான். நல்ல கேள்வி. மான்கொம்பு ஆயுதமான மடுவில் இரண்டு கொம்புகளோடு சில சமயம் சின்னத் தட்டு ஒன்றும் சேர்ந்திருக்கும். அதைக் கேடயம் என்று கொண்டால் மங்கின் சண்டைக் கலையே செல்லாது. கொம்புக்கு டேகர் கணக்கு, தட்டுக்குக் கேடயத்தின் கூடுதல் 2 கிடையாது, ஆகவே கலைக்கும் தடையில்லை என்று சொன்னேன். அவள் சரி என்றாள். அவன் ரூல்புக்கை வீட்டுக்கு வாங்கிப் போயிருக்கிறான்.