கரடியூர்: ஆள் இல்லை, வேலையும் இல்லை!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரி, படகு, லேடீஸ் சீட் என்று பலரது பயணம் அங்கேயே முடிந்துவிடும். இன்னும் சற்று தூரம் உள்ளே போனால் கரடியூர். உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள், அடியில் காபிச் செடிகள். காட்சிமுனையில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை பள்ளத்தாக்கு. ஆனால் அழகைப் பார்த்து யாருக்கும் வயிறு நிறையாதே!

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில். கொண்டுவந்தவர், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன். அன்றிலிருந்து மலையில் பலருக்குக் கூலி நாட்களைக் குறித்துக் கொடுப்பது அந்தச் செடிதான்.

நவம்பர் வாக்கில் பழம் சிவக்கத் தொடங்கும். ஒரே கிளையில் காயும் பழமும் கலந்திருக்கும். அதனால் அராபிகாவை ஒரே தடவையில் பறிக்க முடியாது. சிவந்ததை மட்டும் கையால் பறித்து, சில வாரம் கழித்து மறுபடி வரவேண்டும். அறுவடை முடியும்வரை எத்தனை பேர் வந்தாலும் வேலை உண்டு. அடுத்து மிளகு. அதன்பின் கவாத்து, களை, உரம் என்று கொஞ்சம் பேருக்கே வேலை. மே மாதக் கோடை விழாக் கூட்டம் இறங்கிவிட்டால் கடைகளும் விடுதிகளும்கூட ஓய்ந்துவிடும்.

சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளி பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். மழைக்காலத்தில் கூலி குறைந்ததும் இளவட்டங்கள் சேலம், திருப்பூர் என்று வேலை தேடி இறங்குகிறார்கள். அங்கே மாதச் சம்பளம் கிடைத்துவிட்டால், மூன்று மாத அறுவடைக்காக யார் திரும்புவார்கள்? ‘பழம் பறிக்க ஆள் இல்லை’ என்கிறார் தோட்டக்காரர். ‘வருஷம் முழுக்க வேலை இல்லை’ என்கிறார் தொழிலாளி. இரண்டுமே நிஜம்.

2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை பொய்த்தது அதற்கு ஒரு காரணம். விலை ஏறினால் தோட்டக்காரர் கொஞ்சம் நிமிரலாம். வேலை நாட்கள் கூடுமா? பழம் பழுக்கும் காலம் மாறாதே!

சுற்றுலா போகிறவர்களால் ஒரு சிறு உதவி முடியும். எல்லோரும் மே மாதத்திலேயே குவியாமல், ஜூலைச் சாரலிலும் ஒரு நடை போய்வரலாம். ஏரியோடு திரும்பாமல் கரடியூர் பக்கமும் எட்டிப் பார்த்து, மலைக்காரர்களிடமே மிளகோ காபித்தூளோ வாங்கலாம். கூட்டம் இல்லாத மாதத்தில் அவர்கள் கைக்குச் சேரும் நூறு ரூபாய்க்கு மதிப்பே தனி.