நாவு ஓய்ந்தாலும் செபம் ஓயாது



விளக்கேற்றும் வேளையில் செபமாலை ஒலிக்காத கத்தோலிக்க இல்லம் முன்னாளில் அரிது. திருச்சிராப்பள்ளிப் பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த தெருவில், ஒரு வீட்டில் மங்கள வார்த்தை செபம் தொடங்கினால், அதன் மறுபாதி அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் தோன்றும். 1975-ஆம் ஆண்டில் திருமணமாகி அத்தெருவிற்கு வந்த நாள் முதல், எங்கள் இல்லத்தில் செபத்தை நடத்தியவர் குடும்பத் தலைவியே. மழையோ, மின்தடையோ, விருந்தினர் வருகையோ எதுவும் அதைத் தடுத்ததில்லை. மடியில் உறங்கிவிட்ட குழந்தையைத் தட்டிக்கொண்டே மாதா பிரார்த்தனையை மனப்பாடமாகச் சொல்லி முடிப்பார். வழிபாடு என்றால் இதுவே என்று நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். வேறு வழியில் செபிப்போரைக் கண்டால் சற்று ஐயத்துடனேயே பார்த்தோம்.

இதை எழுதுவது எங்களில் ஒருவரின் கையே ஆயினும், சொல்வது இருவரும்தான். ஏன் இவ்வாறு எழுத நேர்ந்தது என்பதைப் போகப்போக அறிவீர்கள்.

1984-ஆம் ஆண்டில் ஒரு நாள், பங்கைச் சேர்ந்த சில குடும்பங்களோடு குளித்தலைக்கு அருகிலுள்ள தண்ணீர்ப்பள்ளிக்குச் சென்றோம். திருச்சியிலிருந்து கரூர் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். முத்தரசநல்லூர், ஜீயபுரம், பேட்டைவாய்த்தலை என்று காவிரியை ஒட்டியே பேருந்து செல்லும். அங்கே ஆற்றங்கரைத் தோப்பில் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். சாந்திவனம் என்றும் அதனை அழைப்பர். கோபுரத்தில் மூவொரு இறைவனைக் குறிக்கும் மூன்று முகங்கொண்ட உருவம். உள்ளே நாற்காலியும் இல்லை, பெஞ்சும் இல்லை. எல்லோரும் தரையில் அமர்ந்திருந்தனர். காவியுடை அணிந்த குருக்கள் திருப்பலி நிறைவேற்றினர். கற்பூர ஆரத்தி எடுத்தனர். வெண்தாடியுடன் நெடிதுயர்ந்த ஒரு துறவியைக் காட்டி, அவரே பீட் கிரிபித்ஸ் அடிகளார் என்றனர்.

மாலையில் ஒரு மணி நேர மௌனத் தியானம். எங்களுக்கோ அது பெருஞ்சோதனையாயிற்று. காகம் கரைவதும் ஆறு ஓடுவதும் தவிர ஓசையே இல்லை. பத்து நிமிடம் பொறுத்த குடும்பத் தலைவியார், முந்தானைக்குள்ளிருந்து செபமாலையை எடுத்து உதட்டளவில் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். திரும்பும் வழியில், “வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரவேண்டுமா?” என்று அவர் கேட்க, பேருந்தில் எல்லோரும் சிரித்தோம். அந்தப் பயணத்தை அத்துடன் மறந்தும் போனோம்.

2012-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கல்லறைத் திருநாள் கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அதிகாலையில் குடும்பத் தலைவியார் எழுந்திருக்க முயன்று கீழே விழுந்தார். மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டதால் வந்த பக்கவாதம் என்றார் மருத்துவர். வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. அதனினும் கொடிது, பேச்சு நின்றுபோயிற்று. பெரும்பாலோர்க்குப் பேச்சை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் உள்ளது என்றும், அங்கே ஏற்பட்ட சேதமே உடலின் வலப்பக்கத்தையும் நாவையும் ஒருங்கே தாக்கிற்று என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். நாம் சொல்வது அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் சொல் வராது.

பாலக்கரை வீடு மாடியில் இருந்தது. படி ஏற இயலாதென்பதால், ஆசிரியையாகப் பணியாற்றும் எங்கள் மகள் வசிக்கும் ஸ்ரீரங்கத்திற்கு 2013-இல் குடிபெயர்ந்தோம். தரைத்தளத்தில் சிறியதொரு வாடகை வீடு கிடைத்தது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு அது. ஏழு திருச்சுற்றுக்களும் இருபத்தொரு கோபுரங்களும் சூழ்ந்த அரங்கநாதர் கோவிலைச் சுற்றியே ஊரின் வாழ்க்கை நடக்கிறது. நாற்பதாண்டுக்காலம் கோவில் மணியோசைக்குப் பழகிய எங்கள் செவிகளுக்கு, அந்நாட்களில் எல்லாமே அந்நியமாய் இருந்தது. எங்கள் கோவிலோ காவிரிப் பாலத்திற்கு அப்பால் இருந்தது.

நலம் வேண்டி நாங்கள் செய்யாத நேர்ச்சை இல்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோம். நவநாள் செபங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. கால் சற்றே நடைபழகியது, நாவு அசையவில்லை. மாலையில் செபமாலையை அவர் கையில் கொடுத்தால் முதல் மணியைப் பிடிப்பார், வாயைத் திறப்பார், பொருளற்ற ஓசையொன்று வரும். உடனே கண்ணீர் பெருக, மாலையைத் தள்ளிவிடுவார். மற்றவர் தனியே சொன்ன செபமோ நாளடைவில் வெறும் கடனாயிற்று; பின்னர் கோபமாயிற்று. உம்மைப் புகழ்ந்த நாவைத்தானா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆண்டவரிடமே வழக்காடினோம். ஒரு நாள் செபமாலையைத் திரு இருதய ஆண்டவர் படத்தின் ஆணியில் மாட்டினோம். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அது அங்கேயே தொங்கிற்று. வெட்கத்துடன் இதை எழுதுகிறோம். ஆயினும் இதே நிலையில் வேறு குடும்பங்களும் இருக்கக்கூடும் என்பதால் மறைக்கவில்லை.

மார்கழி பிறந்தது. விடியுமுன்னே ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். ஒரு காலை, வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி எங்களைக் கண்டு நிமிர்ந்தார்.

“ஏன் சார், சாயங்காலம் உங்காத்துல ஜபம் கேக்குமே, இப்போல்லாம் சத்தத்தையே காணோமே? அதைக் கேட்டுத்தான் நான் விளக்கேத்தறது.”

அம்மாவிற்குப் பேச்சு வராததால் செபம் நின்றுவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். மாமி கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“நன்னாயிருக்கு! வாய் விட்டுச் சொன்னாத்தான் பகவான் காதுல விழுமா?”

வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, எங்கள் மறைநூல் எங்களுக்கு என்றோ கற்பித்ததை நினைவூட்டினார். சீலோவின் ஆலயத்தில் அன்னா மன்றாடியபோது உதடுகள் மட்டுமே அசைந்தன, குரல் கேட்கவில்லை. குருவாகிய ஏலியே அவளைக் குடிவெறியில் இருப்பவள் என்று எண்ணினார். ஆண்டவரோ அவளைக் கேட்டருளினார். அந்த மன்றாட்டின் கனியே சாமுவேல். எத்தனையோ முறை மறையுரைகளில் கேட்ட வரலாறுதான். எங்கள் வீட்டு வரலாறாக அதை நாங்கள் கேட்டது அன்றுதான்.

அன்றிரவு தண்ணீர்ப்பள்ளி நினைவிற்கு வந்தது. அந்த ஆசிரமம் எவ்வாறு தோன்றிற்று என்று மகள் கொணர்ந்த நூலொன்றில் படித்து, குடும்பத் தலைவியாருக்கும் வாசித்துக் காட்டினோம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜூல்ஸ் மொன்ஷனின் அடிகளார் 1939-இல் இந்தியா வந்தார். அப்போதைய திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சா ஆண்டகையின் கீழ்ப் பணியாற்றி, குளித்தலையில் எளிய மக்களுக்குப் பங்குக் குருவானார். இந்திய மண்ணுக்குரிய துறவு வாழ்வில் மூவொரு இறைவனைத் தியானிக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆனால் துணைக்கு எவரும் இல்லை. ஆண்டுகள் கடந்தன. 1947-இல், இந்தியாவில் துறவியாக வாழ விழைந்த ஹென்றி லெ சோ என்ற பிரெஞ்சுத் துறவி ஆயருக்கு எழுதிய மடல், பதில் எழுதும்படி மொன்ஷனின் அடிகளாரிடமே வந்துசேர்ந்தது. அவர் எவருக்காகக் காத்திருந்தாரோ, அவரே அம்மடலில் இருந்தார்! 1950-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், புனித ஆசீர்வாதப்பர் திருநாளன்று, இருவரும் காவிரிக்கரையில் ஆசிரமத்தைத் தொடங்கினர்.

பின்னர்ப் பெருவளர்ச்சி உண்டாயிற்று என்று நினைக்கவேண்டாம். நிலைத்துத் தங்கிச் சீடராக எவரும் சேரவில்லை. மொன்ஷனின் அடிகளார் நோயுற்றுத் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டு, 1957 அக்டோபர் 10-ஆம் நாள் பாரிசு நகர மருத்துவமனையில் உயிர்நீத்தார். உலகின் கணக்கில் அது தோல்வி. லெ சோ அடிகளாரும் 1968-இல் இமயத்திற்குச் சென்றுவிட்டார். அவ்வாண்டிலேயே கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிபித்ஸ் அடிகளார் வந்து பொறுப்பேற்றார். 1993-இல் மறையும்வரை அவர் அங்கேயே வாழ, பல நாட்டு மக்கள் செபிக்க அங்கே வந்தனர். விதைத்தவர் முளையைக் காணவில்லை. ஆயினும் விதைக்கச் சொன்னவரை அவர் நம்பினார்.

இதை வாசித்து முடித்தபோது குடும்பத் தலைவியார் இடக்கையால் மேற்குத் திசையைக் காட்டினார். தண்ணீர்ப்பள்ளிக்குப் போகவேண்டும் என்பது பொருள்.

2014 பிப்ரவரியில் வாடகைக் காரில் சென்றோம். அங்கே மாலைத் தியானம் முன்போலவே நடந்தது. ஆணியிலிருந்து எடுத்துவந்த செபமாலையை அவருடைய இடக்கையில் வைத்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் பத்து நிமிடம் அமைதியாய் இருக்க இயலாதவர், அன்று ஒரு மணி நேரமும் அசையாமல் அமர்ந்திருந்தார். விரல்கள் மட்டும் ஒவ்வொரு மணியாக நகர்ந்துகொண்டிருந்தன. உதடு அசையவில்லை, கண்ணீரும் வரவில்லை. அவருடைய செபம் நின்றுவிட்டதென்று நாங்கள் அதுவரை எண்ணியது எத்துணை பெரிய தவறு! முன்பு சிரித்துக்கொண்டே திரும்பிய அந்த இடத்தில், பின்னாளில் எங்களுக்குத் தேவைப்படும் பாடத்தை இறைவன் முன்கூட்டியே காட்டிவைத்திருந்தார்.

அன்று முதல் எங்கள் வழிபாடு இவ்வாறு நடக்கிறது. மாலை ஆறு மணிக்குக் குடும்பத் தலைவியார் இடக்கையால் ஒரு சிறு மணியை அடிப்பார். மகள் வந்து அன்றைய நற்செய்தியை வாசிப்பாள். பிறகு அரைமணி நேரம் மௌனம். செபமாலையின் மணிகள் ஐம்பத்துமூன்றும் இருவர் கைகளிலும் ஒரே சீராக நகரும். ஒருவர் ஒரு மணி தவறினால் மற்றவர் காத்திருப்போம். முடிவில் அவர் மாதா பாடலொன்றின் மெட்டை முனகுவார். சொல் இராது, சுருதி தவறாது. பேச்சை இழந்தவர்களில் சிலரிடம் மெட்டு நிலைத்திருப்பதுண்டு என்று மருத்துவரும் கூறினார். எங்கள் இல்லத்தின் செபத்தை நடத்துபவர் மீண்டும் அவரேதான்.

இது திருச்சபைக்கு ஏற்றதுதானா என்ற அச்சமும் எழாமல் இல்லை. முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொணரும் பங்குக் குருவிடம் கேட்டோம். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தை அவர் எடுத்துக்காட்டினார். ஆன்மிக வாழ்வு பொதுவழிபாட்டோடு மட்டும் அடங்கிவிடுவதன்று என்றும், இல்லத்தின் பக்திமுயற்சிகள் அவ்வழிபாட்டிலிருந்து ஊற்றெடுத்து அதனிடமே நம்மைக் கொண்டுசேர்க்கவேண்டும் என்றும் அது கற்பிப்பதாக விளக்கினார். “மௌனமாகச் செபியுங்கள், தவறில்லை. ஆனால் தனித்து நின்றுவிடாதீர்கள், பீடத்தோடு சேர்ந்திருங்கள்” என்றார். ஆகவே உடல் இடங்கொடுக்கும் ஞாயிறுகளில் ஆட்டோவில் பாலம் கடந்து, தெப்பக்குளத்தருகே உள்ள லூர்து அன்னை ஆலயத்திற்குச் செல்கிறோம். திருப்பலியில் எல்லோரும் பதில் சொல்லும்போது அவர் விரல்கள் செபமாலையைப் பற்றியிருக்கும். அதுவே அவருடைய ஆமென்.

வாசகர்களே, நாங்கள் கேட்ட வரத்தை இன்றுவரை பெறவில்லை. பேச்சு திரும்பவில்லை, திரும்புமா என்று இப்போது நாள் எண்ணுவதும் இல்லை. இறைவனின் வழிநடத்துதல் என்பது நாம் விரும்பிய கதவு திறப்பது என்றே முன்பு கருதியிருந்தோம். மூடிய கதவின் முன் அமர்ந்தபோதும் அவர் எங்களோடு அமர்ந்திருந்தார் என்பதை மெல்லவே கற்றோம். எவ்வாறு செபிப்பது என்று அறியாத வேளையில் தூய ஆவியாரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று புனித சின்னப்பர் உரோமைக் கிறிஸ்தவர்களுக்கு எழுதியது, ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டிலும் உண்மையாயிற்று.

உங்கள் இல்லத்திலும் நோயாலோ முதுமையாலோ துயரத்தாலோ செபம் சொல்ல இயலாத ஒருவர் இருக்கலாம். அவரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் செபித்து முடித்துவிடாதீர்கள். அவரால் இயன்றது எதுவென்று தேடுங்கள். மணி அடிப்பதோ, மெழுகுதிரி ஏற்றுவதோ, சிலுவை அடையாளம் வரைவதோ, வெறுமனே உடன் அமர்வதோ, அதனை அவரிடம் ஒப்படையுங்கள். நாட்கள் செல்லச் செல்ல உங்கள் குடும்பச் செபத்தை அவரே நடத்துவதைக் காண்பீர்கள்.

பக்கத்து வீட்டு மாமி இப்போது எங்கள் மணியோசை கேட்டே தம் வீட்டில் விளக்கேற்றுகிறார். ஒரு நாள் மணி சற்றுத் தாமதமாயிற்று. மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: “என்ன, இன்னிக்கு நாழியாயிடுத்தே?”

குடும்பத் தலைவியார் சிரித்துக்கொண்டே மணியை எடுத்தார்.