‘மற்றவர்கள்’ பட்டியலில் முதலாளியின் கையெழுத்து

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஆடிட்டராக இருக்கிறான். சாவிக்கொத்தோடு ஒரு சின்ன யூஎஸ்பி டோக்கனும் தொங்கிக்கொண்டிருந்தது. “என் டிஜிட்டல் கையெழுத்து இதுக்குள்ளதான் மாமா இருக்கு” என்றான். ஒரு காலத்தில் அது பிரௌசர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது என்றேன். அவனிடம் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

2008ஆம் வருடம். கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஆர்டர் தரும் ஓர் இடத்தில், இனி டெண்டரை ஆன்லைனில்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முதலாளி பெயரில் டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அந்தக் கையெழுத்துக்குப் பேனாக் கையெழுத்தின் மதிப்பைக் கொடுத்திருந்தது.

சான்றிதழ் தரும் நிறுவனத்தின் பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்து விவரங்களை நிரப்பினேன். கடைசிப் பட்டனை அழுத்தியதும் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்தத் தளம் உங்கள் சார்பில் ஒரு சான்றிதழைக் கோருகிறது, அனுமதிக்கலாமா என்று. எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ போடுவதுபோல் இதற்கும் போட்டேன். பிறகு படிவத்தை பிரிண்ட் எடுத்து, போட்டோ ஒட்டி, பான் கார்டு நகல், டிடி எல்லாம் சேர்த்து கூரியரில் அனுப்பிவைத்தேன்.

நான் ‘யெஸ்’ போட்ட அந்த நொடியில் பிரௌசர் இரண்டு சாவிகளை உருவாக்கியிருக்கிறது. ஒன்று பொதுச் சாவி. அது மட்டும்தான் விண்ணப்பத்தோடு நிறுவனத்துக்குப் போகும். இன்னொன்று தனிச் சாவி. அது எங்கள் கம்ப்யூட்டரைவிட்டு வெளியே போகவே போகாது. கையெழுத்துப் போடுவது தனிச் சாவி. அது சரியான கையெழுத்துதானா என்று பார்ப்பது பொதுச் சாவி. நிறுவனம் அனுப்பும் சான்றிதழ் என்பது, “இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது” என்று அவர்கள் தரும் அத்தாட்சி மட்டுமே. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

விண்ணப்பித்த மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துகொண்டது. எங்கள் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். “ஃபார்மட் பண்ணீரலாங்களா சார்? எல்லாம் சிடியில எடுத்தாச்சுங்களா?” என்று கேட்டான். டேலி கணக்கு, கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்திருந்தேன். “எடுத்தாச்சு தம்பி, போடு” என்றேன்.

அடுத்த வாரம் சான்றிதழ் தயார் என்று மெயில் வந்தது. விண்ணப்பித்த அதே கம்ப்யூட்டர், அதே பிரௌசரில்தான் இறக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதே மேஜை, அதே பெட்டிதானே என்று நினைத்தேன். இன்ஸ்டால் ஆகவில்லை. கோப்பாக இறக்கி உள்ளே ஏற்றிப் பார்த்தேன். முதலாளியின் பெயர் ‘பெர்சனல்’ பட்டியலில் வராமல் ‘அதர் பீப்பிள்’ பட்டியலில் போய் உட்கார்ந்தது. சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அவர் மற்றவர் ஆகிவிட்டார்.

உதவி எண்ணுக்குப் போன் செய்து, சாவியை மறுபடி அனுப்பச் சொன்னேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னார்: “அது எங்ககிட்ட கிடையாது சார். இருந்தாத்தான் நீங்க பயப்படணும். உங்க கையெழுத்தை நாங்களும் போட்டுரலாமே?”

கோபத்தில் இருந்த எனக்கு அப்போது அது சால்ஜாப்பாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் அர்த்தமே அதுதான். சான்றிதழை ரத்து செய்து, புதிதாக விண்ணப்பித்து வாங்குவதற்குள் டெண்டர் தேதி முடிந்துவிட்டது. அந்த வருட ஆர்டர் போயிற்று.

முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். “ஃபார்மட் பண்ணினதுல அழிஞ்சுபோச்சுங்க” என்றேன். “அந்தப் பையன் வேலைதானா?” என்றார். நான்தான் சொல்லிச் செய்தான் என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுமாதத்திலிருந்து வேறு ஆள் வந்தார்.

காலம் மாறிவிட்டது. சாவியை டோக்கனுக்குள்ளேயே உருவாக்கி வைத்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. கம்ப்யூட்டரை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பிரௌசரில் சாவி உண்டாக்கும் வசதியை குரோம் 2017லும் பயர்பாக்ஸ் 2019லும் எடுத்துவிட்டன. 2022ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே விடைகொடுத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் காந்திபுரத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறான். நின்று நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “எனக்கு அன்னைக்கே தெரியுங்க சார். ஆனா நானும் கேட்டிருக்கோணும். இப்பெல்லாம் எந்த மெஷினைத் தொட்டாலும், சர்டிபிகேட் ஏதாச்சும் இருக்குதுங்களான்னு கேட்டுட்டுத்தான் கை வெக்கறேன்” என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். காசு நான் கொடுக்கப் போனபோது விடவில்லை.

முதலாளியிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது.