மாடி அறையில் கெரோவாக்

திங்கள்

இருபது வருஷம் கப்பலில் ஓடிய மச்சான் ஒருவழியாகக் கரை ஒதுங்கிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் மூன்று சிடி கொண்ட ஒரு தொகுப்பு கிடந்தது. 1990-இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட ‘தி ஜாக் கெரோவாக் கலெக்‌ஷன்’. “ஏதோ இங்கிலீஷ் கவிதை மச்சான். நீதான் புக்கு படிக்கிற ஆளாச்சே” என்று நாட்குறிப்புக்காரர் கையில் திணித்துவிட்டுப் போனார். இவர் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறவர். வீடு டோல்கேட்டில், மெட்ரோ பாலத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி.

முதல் தட்டின் முதல் பதிவே ரயில்வேதான்: ‘அக்டோபர் இன் தி ரெயில்ரோட் எர்த்’. 1952-இல் அமெரிக்க எழுத்தாளர் கெரோவாக் சதர்ன் பசிபிக் ரயில்வேயில் பிரேக்மேன் வேலை பார்த்தார். சான்பிரான்சிஸ்கோவின் மூன்றாம் தெரு, மலிவு லாட்ஜுகள், சரக்கு வண்டிகள், சாயங்கால ரயிலைப் பிடிக்க ஓடும் ஆபீஸ்காரர்கள் என்று ஏழு நிமிடம் போல ஒரே ஓட்டம். கொருக்குப்பேட்டை யார்டு சத்தத்தில் வளர்ந்தவருக்குப் பாதி வார்த்தை புரியாவிட்டாலும் இடம் புரிந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது என்று பள்ளியில் படித்திருக்கிறார். அந்த ஸ்டேஷனைப் பற்றி இப்படி மூச்சு விடாமல் பேசிய ஒருவரைக் கேட்டதில்லை.

கெரோவாக்கும் கப்பலில் போனவர்தான். 1942-இல் எஸ்.எஸ். டார்செஸ்டரில் சமையலறைக் கையாளாக கிரீன்லாந்து வரை போய்வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்தக் கப்பல் டார்பிடோ பட்டு மூழ்கியது. மச்சானுக்கு இதை போன் போட்டுச் சொன்னார். “அப்ப நம்ம ஆளுதான்” என்று பதில் வந்தது.

செவ்வாய்

அக்காள் மகன் சாப்பிட வந்திருந்தான். சாவு வீட்டுக் கானாவுக்கு டோலக்கி வாசிக்கிறவன். இரண்டு பதிவு பொறுமையாகக் கேட்டான்.

“இன்னா மாமா இது? அவரு பாட்டுக்குப் பேசிக்கினே போறாரு. பியானோக்காரரு பாட்டுக்கு வாசிச்சிக்கினு கீறாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்லியா?”

பியானோக்காரர் ஸ்டீவ் ஆலன். 1954-இல் தொடங்கிய ‘டுநைட்’ நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர், நாடறிந்த தொலைக்காட்சி முகம். ‘ஆன் தி ரோட்’ நாவல் 1957 செப்டம்பரில் வெளிவந்து கெரோவாக்கைத் திடீரென்று பிரபலமாக்கியது. அந்த டிசம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் ஜாஸ் கேட்க வந்தவர்கள் முன் அவர் தன் எழுத்தைப் படித்தார். அங்கே ஆலன் பியானோவில் வந்து உட்கார்ந்ததில்தான் இந்த இசைத்தட்டுக்கு வித்து. மறுவருஷம் ஒரே அமர்வில், மறுபதிவுக்கு மல்லுக்கட்டாமல், முடித்துவிட்டார்கள். டாட் ரெக்கார்ட்ஸ் தலைவர் ராண்டி வுட்டுக்கு இது ரசக்குறைவாகப் பட்டது, வெளியிட மறுத்தார். தயாரிப்பாளர் பாப் தீல் அங்கிருந்து விலகி, ஆலனோடு சேர்ந்து ஹனோவர் என்ற கம்பெனி தொடங்கி 1959-இல் கொண்டுவந்தார்.

இத்தனை போராடி வந்த தட்டுதான். ஆனாலும் மருமகன் சொன்னதை மறுக்க இவருக்கு வாய் வரவில்லை. ஆலன் கெட்டிக்காரர், விரல் சுத்தம். ஆனால் கவிதை எந்தப் பக்கம் திரும்பினாலும் பியானோ அதே நடையில், ஏசி ஓட்டலில் சாம்பார் வரும்வரை ஒலிக்கிற மாதிரி ஒலிக்கிறது.

புதன்

இரவு ஷிப்ட். ஜீரோ கேட் வரை டிரெய்லர் வரிசை. எதுவும் கேட்கவில்லை.

வியாழன்

இரண்டாம் தட்டு: ‘ப்ளூஸ் அண்ட் ஹைக்கூஸ்’, 1959. பியானோக்காரருக்குப் பதில் இரண்டு டெனர் சாக்ஸபோன்காரர்கள், அல் கோன், ஸூட் சிம்ஸ். இருவரும் வுடி ஹெர்மன் பேண்டில் வாசித்துத் தேறியவர்கள்.

முதல் பதிவு பத்து நிமிடம் ஓடுகிறது. கெரோவாக் குட்டிக் கவிதை ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறார். ஒரு சாக்ஸபோன் அதைக் கேட்டுவிட்டு, அதே அளவில், சில நொடி பதில் சொல்கிறது. அடுத்த கவிதை. அடுத்த சாக்ஸபோன். சில கவிதைக்கு விளையாட்டாக, சிலதற்குக் கொஞ்சம் யோசித்து, ஒன்றிரண்டுக்கு நக்கலாக.

நாட்குறிப்புக்காரர் எழுந்து உட்கார்ந்தார். தமிழில் இதற்கு ரொம்ப நாளாகவே வார்த்தை இருக்கிறது: பக்கவாத்தியம். பின்னால் இல்லை, பக்கத்தில். பாடகர் விட்ட இடத்தை வயலின் எடுத்துக் கொடுக்கிறது. வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ போடுகிற ஆள் இல்லாவிட்டால் கதை நகராது. கானாவில் பாடுகிறவர் வரியை முடித்ததும் டோலக்கி ஒரு உருட்டு உருட்டி அடுத்த வரியைக் கையில் கொடுக்கும். ‘பின்னணி இசை’ என்பது சினிமா கொடுத்த சொல். ஸ்டீவ் ஆலன் செய்தது அது.

இந்தப் பதிவுக்கும் ஒரு வருத்தமான வால் உண்டு. வேலை முடிந்ததும் கோனும் சிம்ஸும் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு மதுக்கடைக்குப் போய்விட்டார்களாம். தனக்குப் பிடித்த இரண்டு கலைஞர்கள் நின்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று கெரோவாக் அழுதார் என பாப் தீல் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

வெள்ளி

ஒரு நெருடல். முதல் தட்டில் சார்லி பார்க்கர் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. 1955-இல் இறந்த அந்தக் கறுப்பினக் கலைஞரை கெரோவாக் தெய்வமாகவே வைத்திருந்தார். ஆனால் இரண்டு தட்டிலும் அவருக்கு வாசித்த மூவருமே வெள்ளையர்கள். முதல் தட்டு பதிவான அதே 1958-இல் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், ஜாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் குழுவோடு தன் கவிதைகளைப் பதிவு செய்தார். கவிதைக்குள் ப்ளூஸைக் கொண்டுவரும் வேலையை ஹியூஸ் 1920-களிலேயே தொடங்கிவிட்டார். ‘பீட்’ தலைமுறை எழுத்து என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது என்னவோ கெரோவாக்தான்.

டோல்கேட்காரருக்கு இது பழகிய கதை. சாவு வீட்டிலும் குப்பத்திலும் கிடந்த கானாவை சினிமா தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தார், 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் தன் குரலோடும் முகத்தோடும் வந்து நின்றதையும் பார்த்தார். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறை மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த பத்தொன்பது பேர். அயோத்திதாசர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து எடுத்த பெயர். கானாவும் ராப்பும் பறையும் கிடாரும் ஒரே மேடையில். அங்கே யாரும் யாருக்கும் பின்னணி இல்லை.

ஞாயிறு

மூன்றாம் தட்டு, வெர்வ் கம்பெனி 1960-இல் வெளியிட்டது. வாத்தியமே கிடையாது, வெறும் குரல். வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்து, ஆறு வயதுக்குப் பிறகு இங்கிலீஷ் கற்றவர். அதனாலோ என்னவோ ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் வைத்துப் பார்த்து விடுகிறார். பீபாப் ஜாஸ் பிறந்த கதையைச் சொல்லும் பதிவில் தாளம் வாயிலேயே இருக்கிறது. நாகஸ்வரக்காரர் மாதிரி, மூச்சு தீர்கிற இடத்தில்தான் வாக்கியம் முடிகிறது. பியானோ எதற்கு என்ற கேள்வி இன்னும் வலுத்தது.

மத்தியானம் மருமகன் வந்தான். இரண்டாம் தட்டைப் போட்டுக் காட்டியதும் முதல் ஹைக்கூவிலேயே கை மேஜைக்குப் போனது. சாக்ஸபோனுக்கு முந்திக்கொண்டு விரலால் பதில் தட்டினான். பாதி இடங்களில் அவன் பதில்தான் இவருக்குப் பிடித்திருந்தது.

“இத்த மட்டும் குடு மாமா, ரெண்டு நாள்ல தரேன்” என்று எடுத்துப் போனான். பெட்டியில் இப்போது ஒன்றாம் தட்டும் மூன்றாம் தட்டும் இருக்கின்றன.