நீ உட்கார்ந்து உடைத்த பிளேட்

பொள்ளாச்சி
புதன் ராத்திரி

சரசுக் கண்ணு,

மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாய், எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசினால் எங்க வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார். அவருக்குத் தெரியக்கூடாத சமாச்சாரம், அதனால்தான் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. போடமாட்டாய், தெரியும். உன் அக்காவிடமாவது காட்டாமல் இரு.

எங்கள் அப்பிச்சி வீட்டில் கே.பி. சுந்தராம்பாள் பிளேட் ஒன்று இருந்ததே, ஞாபகமா? எப்படி மறப்பாய், அதன்மேல் உட்கார்ந்த மகராசி நீதானே. அந்தக் காலத்துப் பிளேட் அரக்கில் செய்தது. வளையாது, அப்பளம் மாதிரி நொறுங்கும். பூனை தள்ளிவிட்டது என்று உனக்காகப் பொய் சொன்னேன். அப்பிச்சி கடைசிவரை அந்தப் பூனையை வீட்டுக்குள் விடவே இல்லை, பாவம். அதே பிளேட்டைப் போன மாசம் ஒரு ஏலத் தளத்தில் பார்த்தேன். தளத்தின் பேர் எதற்கு, விடு. ஆரம்ப விலை 300 ரூபாய்.

அங்கே ஏலம் கேட்கிற விதமே வேறே. அதிகபட்சம் எவ்வளவு தருவாய் என்று ரகசியமாகச் சொல்லி வைத்துவிட்டால் போதும். உனக்குப் பதிலாக மெஷினே கேட்கும், எதிராளியை ஒரு படி தாண்டுகிற அளவுக்கு மட்டும். நான் 4,500 என்று சொல்லி வைத்தேன். (தீபாவளிச் சேலைக்கு அவர் கொடுத்த பணம். அதனால்தான் இந்த ரகசியமெல்லாம்.) எதிரே ஒருத்தர் 1,900 வரை வந்து நின்றுவிட்டார். எனக்கு 1,950 என்று காட்டியது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால், மூன்றாவதாக ஒருத்தன் ராத்திரியோடு ராத்திரியாக நுழைந்து 2,500, 3,000, 3,500 என்று படியேறி, என் 4,500-ஐயும் தாண்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். யாரென்று பார்த்தால் ‘க***7’. ஒரு எழுத்து, மூன்று நட்சத்திரம், ஒரு எண். ஆளுடைய அடையாளம் அவ்வளவுதான்.

உங்கப்பா நம்மை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனது நினைவுக்கு வந்தது. தரகர் கைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவாரே! சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் ஆளைத் தெரியும், விலை தெரியாது. இங்கே தலைகீழ். விலையை ஊரே பார்க்கிறது, துண்டு மூஞ்சிமேல் கிடக்கிறது.

ஏன் இப்படி மூடி வைத்திருக்கிறார்கள் என்று நாலு நாள் தேடித் தேடிப் படித்தேன். மகன் பரீட்சைக்குக்கூட நான் இப்படிக் கண்விழித்ததில்லை. இதில் பெரிய கை ஈபே. 1995-இல் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கியது. முதலில் விற்றது ஒரு லேசர் பாயிண்டர், அதுவும் உடைந்தது, 14.83 டாலருக்கு. அப்போதெல்லாம் யார் கேட்கிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரியும். அதுவே வினையாகப் போயிற்று. ஏலத்தில் தோற்றவரின் பேரைத் திருடன் பார்ப்பான். அதே பேரில் யாஹூவிலோ ஹாட்மெயிலிலோ முகவரி இருக்கும் என்று ஊகித்து, ‘ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, பொருள் உங்களுக்கே, பணத்தை இங்கே அனுப்புங்கள்’ என்று எழுதுவான். தோற்ற வயிற்றெரிச்சலில் இருப்பவருக்கு அது சாமி வாக்கு மாதிரி. பணம் போகும், பொருள் வராது. இதைத் தடுக்கத்தான் 2006 கடைசியில், 200 டாலரைத் தாண்டிய ஏலங்களில் பேரை மறைக்க ஆரம்பித்தார்கள். பிறகு நட்சத்திரம் எல்லா ஏலத்துக்கும் வந்துவிட்டது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்னால் நடந்ததைக் கேள். அமெரிக்காவில் சாக்ரமெண்டோ ஊரில் கென்னத் வால்டன் என்று ஒரு வக்கீல். 2000-ஆம் வருஷம் மே மாசம் ஒரு பழைய ஓவியத்தை 25 சென்ட்டுக்கு ஏலத்தில் விட்டார். ஓவியம்பற்றி ஒன்றுமே தெரியாத குடும்பஸ்தன் மாதிரி வேஷம்: பழைய சாமான் விற்ற இடத்தில் வாங்கினேன், மனைவிக்குப் பிடிக்கவில்லை, குழந்தை இடித்து ஓட்டை போட்டுவிட்டது. அவருக்கு மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை! ஆனால் ஓவியத்தின் மூலையில் ‘ஆர்.டி. 52’ என்று எழுத்து தெரிகிற மாதிரி படம் போட்டார். பேர்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததாக இருக்குமோ என்று ஜனம் தாங்களாகவே நினைத்துக்கொண்டு பாய்ந்தது. 1,35,805 டாலருக்குப் போயிற்று. அப்புறம்தான் குட்டு உடைந்தது. வேறு பேரில் தன் பொருளுக்குத் தானே விலை கேட்டிருக்கிறார். ஈபே விற்பனையை ரத்து செய்தது. கூட்டாளிகளோடு சேர்ந்து பல ஏலங்களில், ஒருத்தர் பொருளுக்கு இன்னொருத்தர் விலையேற்றியது வழக்கில் வெளியே வந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டார். எந்தப் பேர் எந்த விற்பனையில் திரும்பத் திரும்ப வருகிறது என்று அன்றைக்கு வெளியாள்கூடப் பார்க்க முடிந்தது. வால்டன் தன் கதையைப் புத்தகமாக எழுதி அது வெளிவந்ததும் 2006-இல்தான், பேரை மறைக்க ஆரம்பித்த அதே வருஷம்.

திருடன் கண்ணில் மண்ணைத் தூவப் போட்ட துண்டுக்குள்ளேயே விற்கிறவனுடைய மச்சானும் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தளத்துக்காரர்கள் கணினி வைத்துக் கண்காணிக்கிறார்களாம். சரிதான், கண்காணிக்கட்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் கமிஷன் வாங்குகிறவர்களுக்கு விலை ஏறுவதில் அப்படி என்ன வருத்தம் இருக்கப்போகிறது? அவர்கள் கண் வேறே, பணம் கொடுக்கிறவள் கண் வேறே.

அதற்காக எல்லாரும் மூஞ்சியைக் காட்டித்தான் கேட்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். எங்கம்மா ஏலச்சீட்டு போட்டிருந்தது உனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று தெருவுக்கே தெரிந்திருந்த மாசம், எட்டாயிரம் தள்ளி எடுக்க வேண்டிய சீட்டை, எதிரே உட்கார்ந்து ஏத்திவிட்டு ஏத்திவிட்டுப் பதினேழாயிரம் தள்ள வைத்தார்களே! தள்ளின பணத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டு, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். அன்றைக்கு அம்மா முகத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தால் ஒன்பதாயிரம் மிஞ்சியிருக்கும்.

சரி, பிளேட்டுக்கு வருகிறேன். மறுநாளே மெசேஜ் வந்தது: ‘ஜெயித்தவர் வாங்கவில்லை. நீங்கள் சொன்ன 4,500-க்கே தருகிறோம்.’ திருட்டு மெசேஜோ என்று பயந்து பார்த்தேன். இல்லை, தளத்துக்குள்ளேயே வந்த அசல் மெசேஜ். சந்தோஷத்தில் பணம் கட்டப் போனவள், கடைசி நிமிஷம் ஏலம் கேட்டவர்களின் விவரத்தைத் தட்டினேன். பேரை மறைத்தாலும் ஒரு கணக்கைக் காட்டுகிறார்கள். ஒருவர் முப்பது நாளில் கேட்டதில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரிடம் என்று. ‘க***7’-க்கு 94. அதாவது இந்த ஆசாமி வேறு கடைப்பக்கமே போவதில்லை, ஒரே ஆளிடம் கேட்டுக் கேட்டு, ஜெயித்தாலும் வாங்குவதில்லை!

நான் சண்டை போடவில்லை. ‘அந்த மூன்றாவது ஆள் வருவதற்கு முன்னால் என் விலை 1,950. அதற்கென்றால் எடுத்துக்கொள்கிறேன்’ என்று மட்டும் எழுதினேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை, பேரம் இல்லை. பத்து நிமிஷத்தில் ‘சரிங்க மேடம்’ என்று பதில். பிளேட் வந்துவிட்டது. அரிசி டிரம்முக்குள் இருக்கிறது.

இதற்கு மேல்தான் கூத்து. போன ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரன்புதூர்க் கல்யாணத்தில் பந்தியில் எனக்கு எதிரே உன் அண்ணன். ‘ஒரு சுந்தராம்பாள் பிளேட்டு, பத்மா. 1,900 வரைக்கும் போனேன். எவனோ கழுகு மாதிரி தூக்கிட்டுப் போயிட்டான்’ என்று புலம்புகிறார். எனக்குப் பாயசம் புரையேறிவிட்டது. அவர் என்று தெரிந்திருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். நான் என்று தெரிந்தால் அவரும் ஒதுங்கியிருப்பார். முந்நூறு ரூபாயில் முடிந்திருக்கும். கோயில் புளியமரம் ஏலத்தில் நம்ம ஊர்ப் பெரியமனுஷர்கள் பேசி வைத்துக்கொள்வது இதைத்தானே? எங்களை ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் வைத்ததில் விற்கிறவன் பக்கத்து நியாயமும் இருக்கிறது. மச்சானைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைக்காமல் இருந்திருந்தால், நானே அவனை நல்லவன் என்று சொல்லியிருப்பேன்.

இப்போது நிலவரம் இது: பிளேட் என்னிடம், அதை ஓட்டுகிற கிராமபோன் பெட்டி உன் அண்ணனிடம். அந்தக் கழுகு நான்தான் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலு நாளாக முழிக்கிறேன். நீ பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, நீயே உன் அண்ணியிடம் மெதுவாக ஆரம்பி. பிளேட்டை நான் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். நீ மட்டும் உட்காருகிற இடத்தைப் பார்த்து உட்கார்.

உன்
பத்மா